பெட்டி ஏன் பொட்டி ஆச்சு? நாக்கு போடும் கணக்கு

எட்டாவது படிக்கும்போது என் பிறந்தநாளுக்கு ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் கோட்டக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாருமே பாண்டிச்சேரி டவுன் பசங்க. நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். கிளாஸில் தமிழ் பேசினாலே திட்டு விழும், அதுவும் "ஊர்த்தமிழ்" பேசினால் டபுள் திட்டு. அன்றைக்கு எங்கள் ஆயா, கேக் வைக்க இடம் பண்ணிக்கொண்டே, "அந்தப் பொட்டிய அப்டி ஓரமா வெச்சிட்டு குந்துங்க கண்ணு" என்று சொன்னாங்க. ஒருத்தன் சிரித்துவிட்டான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "பொட்டி இல்ல ஆயா, பெட்டி" என்று எல்லார் முன்னாடியும் திருத்தினேன்.

ஆயா ஒண்ணும் சொல்லவில்லை. ஆனால் அதுக்கப்புறம் என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வந்தால் சமையல்கட்டிலேயே இருந்துவிடுவார்கள். வெளியே வந்து பேசவே மாட்டார்கள்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். இந்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு, பேசும் தமிழை எழுத்தாக மாற்றும் ஒரு சின்ன சிஸ்டம் செய்யலாம் என்று எங்கள் டீம் முடிவு பண்ணியது. அதற்காக உயிர் எழுத்துகளின் ஒலி எப்படி உருவாகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. அன்றைக்குத் தப்பு பண்ணியது ஆயா இல்லை.

ஏன் என்று சொல்வதற்கு முன்னாடி, உங்கள் வாய்க்குள் ஒரு சின்ன டூர் போய் வரலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இதைப் படிக்கும்போது கண்டிப்பாக வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பீர்கள்.

வாய்க்குள் மூன்று குமிழ்கள்

மெய் எழுத்து சொல்லும்போது எங்கேயோ ஒன்று இன்னொன்றைத் தொடும், அல்லது நெருங்கும். "ப்" என்றால் உதடும் உதடும். "த்" என்றால் நாக்கும் பல்லும். உயிர் எழுத்தில் அந்த மாதிரி எதுவும் காற்றின் வழியை அடைப்பதில்லை. தொண்டையில் குரல்நாண் அதிர்கிறது, அந்த ஒலி தடையில்லாமல் வெளியே வருகிறது. அப்படியென்றால் 'ஆ'வுக்கும் 'ஈ'க்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? குரல்நாண் இரண்டுக்கும் ஒன்றுதான். மாறுவது, அதற்கு மேலே இருக்கும் அறையின் வடிவம்.

இப்போது "ஈ" என்று இழுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சும்மா கிடக்கும். ஆனால் நாக்கின் உடம்பு முன்பக்கமாக எழும்பி மேல் அண்ணத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நிற்கும். கவனித்தால், நாக்கின் இரண்டு ஓரங்களும் மேல் கடைவாய்ப்பற்களைத் தொடுவது தெரியும்.

அப்படியே "ஆ"வுக்கு மாறுங்கள். தாடை இறங்கும், நாக்கு தரையோடு தரையாகப் படுத்துவிடும். இனி "ஊ". நாக்கு பின்வாங்கி, பின்பகுதி மேலே எழும்பும், கூடவே உதடு குவியும்.

நாக்கு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையா? ஒரு ட்ரிக் இருக்கிறது. "ஈ" சொல்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் காற்றை உள்ளே இழுங்கள். எங்கே ஜில்லென்று இருக்கிறதோ, அங்கேதான் வழி குறுகலாக இருக்கிறது. "ஈ"க்கு முன் அண்ணத்தில் ஜில்லிடும். "ஊ" பொசிஷனில் இழுத்தால் அந்த இடத்தில் அவ்வளவாகக் குளிராது.

ஆக மொத்தம் மூன்று குமிழ். நாக்கு மேலேயா கீழேயா? முன்னாலா பின்னாலா? உதடு விரிந்திருக்கிறதா குவிந்திருக்கிறதா? இந்த மூன்றைத் திருப்பினால் தமிழின் பத்து தனி உயிர்களும் கிடைத்துவிடும். ஈயிலிருந்து நாக்கைக் கொஞ்சம் இறக்கினால் ஏ, இன்னும் இறக்கினால் ஆ பக்கம். ஊவிலிருந்து இறக்கினால் ஓ. குறில், நெடில் என்பது முக்கியமாக எவ்வளவு நேரம் இழுக்கிறோம் என்ற கணக்கு. மீதி இரண்டும், அதாவது ஐயும் ஔவும், ஒரே இடத்தில் நிற்காமல் 'அ'வில் தொடங்கி முறையே 'இ', 'உ' பக்கம் நகர்பவை.

ஒரு குழாய், சில அதிர்வெண்கள்

இசிஇ பசங்களுக்கு இந்த இடம் பிடிக்கும். குரல்நாணிலிருந்து உதடு வரைக்கும் வளர்ந்த ஓர் ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு முனை மூடியது, ஒரு முனை திறந்தது. பிளஸ் ஒன்னில் ஒத்ததிர்வுக் குழாய் படித்தோமே, அதேதான். ஒலியின் வேகத்தை நாலு மடங்கு நீளத்தால் வகுத்தால் முதல் ஒத்ததிர்வு சுமார் 500 ஹெர்ட்ஸ். அடுத்தது அதன் மூன்று மடங்கு, 1500. அதற்கடுத்தது ஐந்து மடங்கு, 2500. இது நாக்கு எதுவும் பண்ணாமல், குழாய் ஒரே அகலமாக இருக்கும்போது வரும் கணக்கு.

நாக்கு நகர்ந்தால் குழாய் ஓரிடத்தில் குறுகும், ஓரிடத்தில் அகலும். உடனே இந்த ஒத்ததிர்வுகள் இடம் மாறும். இவற்றுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். நாக்கு இறங்க இறங்க, வாய் திறக்கத் திறக்க, முதல் ஃபார்மன்ட் ஏறும். நாக்கு முன்னால் போகப் போக இரண்டாவது ஃபார்மன்ட் ஏறும். உதட்டைக் குவித்தால் குழாய் கொஞ்சம் நீளும், வாசலும் குறுகும். அதனால் ஃபார்மன்ட்கள் இறங்கும்.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பீட்டர்சன், பார்னி என்ற இருவர் 76 பேரின் குரலைப் பதிவுசெய்து இதை அளந்தார்கள். அதில் ஆண்களின் சராசரி: ஆங்கில 'ஈ'க்கு முதல் ஃபார்மன்ட் 270, இரண்டாவது 2290 ஹெர்ட்ஸ். 'ஆ' போன்ற ஒலிக்கு 730, 1090. 'ஊ'வுக்கு 300, 870. கிராஃபில் குறித்தால் மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளாக நிற்கும். மற்ற உயிர்கள் பெரும்பாலும் அந்த மூலைகளுக்கு நடுவில் வந்து உட்காரும். அதாவது வாய்க்குள் எட்டிப் பார்க்காமலேயே, ஒலியை மட்டும் வைத்து நாக்கு எங்கே இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்வீடனின் குன்னார் ஃபான்ட் 1960இல் இந்தக் கணக்கை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்.

ஆய்வகம் எதுவும் இல்லாமல் நீங்களே கேட்கலாம். குரல் கொடுக்காமல் கிசுகிசுப்பாக "ஊ, ஓ, ஆ, ஏ, ஈ" என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். குரல்நாண் அதிரவே இல்லை. ஆனாலும் ஒரு மெட்டு படிப்படியாக ஏறுவது கேட்கும். அது உங்கள் இரண்டாவது ஃபார்மன்ட்தான். சீரியஸா, ஹாஸ்டல் ரூமில் நாங்கள் நாலு பேர் இதைப் பண்ணிக்கொண்டிருந்தபோது வார்டன் வந்துவிட்டார். விளக்கம் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

மைக் இல்லாமல் கண்டுபிடித்தவர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு "நவீன அறிவியல்" என்று மிதப்பில் இருந்தபோதுதான் தொல்காப்பியம் கைக்கு வந்தது. ஸ்கூலில் ரெண்டு மார்க் கேள்விக்குப் பெயரை மனப்பாடம் செய்ததோடு சரி. அதன் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயலுக்குப் பெயரே பிறப்பியல். எழுத்து எப்படிப் பிறக்கிறது என்பதுதான் பாடம்.

உயிர்களை அது மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது. அ, ஆ இரண்டும் வாயைத் திறப்பதால் பிறப்பவை. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்துக்கும் வாயைத் திறப்பதோடு, நாக்கின் விளிம்பு மேற்பல்லின் அடியைப் போய் உறுகிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிவதால் பிறப்பவை. கொஞ்சம் முன்னாடி "ஈ" சொல்லும்போது நாக்கின் ஓரம் மேற்பல்லைத் தொடுவதைக் கவனித்தீர்களே, அதைத்தான் அவர்களும் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று அண்ணத்தில் மின்முனைகள் பதித்த தகடு மாட்டி நாக்கு தொடும் இடத்தைப் பதிவு செய்கிறார்கள். அதிலும் 'இ'க்கு ஓரங்கள்தான் தொடுகின்றன.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. என் பக்கத்து வீட்டு நண்பன் சின்ன வயதில் தினமும் மதரஸாவுக்கு ஓதப் போவான். அங்கே உஸ்தாத் எழுத்தைவிட முதலில் வாயைத்தான் சரி பண்ணுவாராம். எந்த எழுத்து தொண்டையில் எங்கே, நாக்கில் எங்கே, உதட்டில் எங்கே பிறக்கிறது என்பதற்கு மக்ரஜ் என்று பெயர். அரபியில் குறில் உயிர்கள் மூன்றே மூன்று: அ, இ, உ. அவற்றின் குறிகளுக்கு ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்று பெயர். ஃபத்ஹா என்ற சொல்லுக்குத் திறப்பு என்று பொருள். ளம்மா என்றால் ஒன்றுசேர்ப்பது, அதாவது உதட்டைச் சேர்த்துக் குவிப்பது. 7ஆம் நூற்றாண்டில் அபுல் அஸ்வத் என்ற அறிஞர் தன் எழுத்தரிடம், என் வாய் திறந்தால் எழுத்துக்கு மேலே புள்ளி வை, இறங்கினால் கீழே வை, குவிந்தால் பக்கத்தில் வை என்று சொன்னதாக ஒரு மரபுச் செய்தி உண்டு.

திறப்பது, குவிப்பது. இங்கே தமிழ் இலக்கணம், அங்கே அரபி இலக்கணம். இரண்டு பேரும் கண்ணாடி பார்த்த மாதிரி ஒரே விஷயத்தைப் பிடித்திருக்கிறார்கள். காரணம் எளிது. மொழி வேறாக இருக்கலாம், வாய் ஒன்றுதான்.

காசுக்கும் பசுவுக்கும் உதட்டளவு வித்தியாசம்

குற்றியலுகரம் ஞாபகம் இருக்கிறதா? "உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறையும்" என்று எழுதி மார்க் வாங்கினோம். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஃபோனில் செல்ஃபி கேமராவை ஆன் பண்ணி "பசு" என்று சொல்லுங்கள். பிறகு "காசு". முதலில் சொன்னதில் கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறது. இரண்டாவதில் குவிவதில்லை, நாக்கு மட்டும் பின்னால் எழும்பி நிற்கிறது, உதடு சும்மா இருக்கிறது. "முழு" என்பதற்கும் "பாட்டு" என்பதற்கும் இதே வித்தியாசம்தான். அதாவது குற்றியலுகரம் நேரத்தில் மட்டும் குறைவதில்லை, உதட்டு வேலையிலும் குறைகிறது. மூன்று குமிழில் ஒன்றை அணைத்துவிடுகிறோம்.

நம் பாஷை தெரியாத நண்பர்கள் தமிழ் பேசும்போது "காதூ", "வீடூ" என்று விநோதமாகக் கேட்கிறதல்லவா? காரணம் இந்த உதடுதான். சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், "உதட்டைக் குவிக்காதே" என்ற ஒரே வார்த்தையில் பாதி சரியாகிவிடும்.

பேங்க்கும் யெஞ்சினியரும்

ப்ளேஸ்மெண்ட் சீசனில் இருக்கும் ஜூனியர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. இங்கிலீஷில் அஞ்சு வவல் என்று எல்.கே.ஜி.யில் சொல்லிக்கொடுத்தார்கள். அது எழுத்துக் கணக்கு. ஒலிக் கணக்கில், பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஈரொலிகளையும் சேர்த்தால் சுமார் 20 வரும். தமிழ் நாக்கு அந்த இருபதையும் தன்னிடம் இருக்கும் பத்துப் பன்னிரண்டு இருக்கைகளில் உட்காரவைக்கப் பார்க்கிறது.

"பேங்க்", "பேக்", "கேமரா" எல்லாம் அப்படி வந்தவைதான். ஆங்கிலத்தில் அந்த உயிருக்கு நாக்கு முன்னாலேயே இருக்கும், ஆனால் ஏ-வைவிட நல்லாக் கீழே இறங்கும். நம் எழுத்தில் அந்த இடத்துக்கு ஆள் இல்லை. பக்கத்தில் இருப்பது ஏ. அதனால் ஏ. சரியாகச் சொல்ல வேண்டுமா? "ஏ" சொல்லிக்கொண்டே, நாக்கைப் பின்னால் இழுக்காமல் தாடையை மட்டும் இறக்குங்கள். வந்துவிடும்.

அதேபோல "எட்டு" என்பதை வேகமாகச் சொல்லும்போது "யெட்டு" என்றும், "ஒண்ணு" என்பதை "வொண்ணு" என்றும் பல பேர் சொல்வோம். அந்தப் பழக்கம் இங்கிலீஷிலும் ஒட்டிக்கொண்டு "யெஞ்சினியர்", "யெம்பிஏ" ஆகிறது. எ-வுக்கு நாக்கு முன்னால் எழும்பும் வழியில் ய் ஒலிக்கும் இடம் இருக்கிறது. ஒ-வுக்கு உதடு குவியும் வழியில் வ் ஒலிக்கும் இடம் இருக்கிறது. உடம்படுமெய்யில் "மணி+ஓசை=மணியோசை", "பூ+அழகு=பூவழகு" என்று படித்தோமே, அங்கே ய்யும் வ்வும் வந்தது இந்த வழியில்தான்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது இதை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். நாக்கை எங்கே வைப்பது என்று தெரிந்தால் ஒரு வாரப் பயிற்சி போதும். ஆனால் "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று ஒடுங்கிப்போகத் தேவையில்லை. உங்கள் நாக்குக்கு ஏற்கெனவே ஒரு மொழி நன்றாக வரும். அந்தப் பழக்கத்தைத்தான் அது புது இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறது.

இலை ஏன் எல, குடை ஏன் கொட?

இப்போது பேச்சுத்தமிழுக்கு வருவோம். எழுதும்போது இலை, விலை, நிலம், குடை, புகை, உடம்பு, முகம். பேசும்போது எல, வெல, நெலம், கொட, பொக, ஒடம்பு, மொகம். இ எல்லாம் எ ஆகிறது, உ எல்லாம் ஒ ஆகிறது. சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனம் என்றால் எல்லா இடத்திலும் வந்திருக்க வேண்டும். ஆனால் "இல்லை" என்பதை யாரும் "எல்ல" என்று சொல்வதில்லை, "இல்ல" என்றுதான் சொல்கிறோம். "குட்டை" என்பது "கொட்ட" ஆவதில்லை, "குட்ட"தான். "முத்தம்" மொத்தம் ஆவதில்லை (ஆனால் ரொம்பக் குழப்பம்!). நம்மில் ஒருத்தர்கூட இதில் தப்புப் பண்ணுவதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

விதி இதுதான். அடுத்த அசையில் அ அல்லது ஐ வருகிறது என்றால் வாய் திறக்க வேண்டியிருக்கும். நாக்கு முன்கூட்டியே தயாராகி, முதல் அசையிலேயே கொஞ்சம் இறங்கிவிடுகிறது. மேலே நிற்கும் இ ஒரு படி இறங்கினால் எ. மேலே நிற்கும் உ ஒரு படி இறங்கினால் ஒ. நடுவில் ஒற்றை மெய் மட்டும் இருந்தால் இது நடக்கும். "ல்ல", "ட்ட" என்று இரட்டித்து நின்றால் நடுவில் சுவர் எழுப்பிய மாதிரி, அடுத்த உயிரின் பாதிப்பு இந்தப் பக்கம் வருவதில்லை.

வளைவு வருகிறது என்று தெரிந்தால் டிரைவர் முன்னாடியே ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பிப்பார் இல்லையா, அந்த மாதிரிதான். அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை, டிரைவிங் தெரிந்திருப்பது.

இனி ஆயாவின் பொட்டி

இந்தப் பட்டியலைப் பாருங்கள். பெட்டி பொட்டி. பெண் பொண்ணு. பிடி புடி. பிள்ளை புள்ள. விடு வுடு. வீடு வூடு. வேணும் வோணும். எல்லாவற்றிலும் முன்பக்கம் இருக்க வேண்டிய உயிர், பின்பக்கம் போய் உதடும் குவிந்துவிட்டது. இ உ ஆகிறது, எ ஒ ஆகிறது.

முதல் எழுத்தைப் பாருங்கள்: ப், வ். இரண்டுமே உதட்டில் பிறப்பவை. அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள்: ட், ண், ள். எல்லாமே நாக்கு நுனியை மேலே தூக்கிப் பின்னால் வளைக்க வேண்டிய எழுத்துகள்.

நடுவில் மாட்டிக்கொண்ட எ-வின் நிலைமையை யோசியுங்கள். அதற்கு உதடு விரிய வேண்டும், நாக்கு முன்னால் வர வேண்டும். ஆனால் உதடு இப்போதுதான் ப்-இல் மூடித் திறந்திருக்கிறது. நாக்கோ அடுத்து ட்டுக்கு வளைய வேண்டும் என்று ஏற்கெனவே பின்வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் உதடு, ஒரு பக்கம் நாக்கு. இரண்டும் சேர்ந்து இழுத்தால் எ நகர்ந்து ஒ-வின் இடத்துக்குப் போய்விடுகிறது. ஃபார்மன்ட் கணக்கில் சொன்னால் இரண்டாவது ஃபார்மன்ட்டை இரண்டு பேரும் சேர்ந்து கீழே இறக்குகிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? எஞ்சினியர் இல்லையா, டெஸ்ட் கேஸ் போட்டுப் பார்ப்போம். "கெட்டி". பின்னால் ட் இருக்கிறது, ஆனால் முன்னால் உதட்டெழுத்து இல்லை. யாரும் "கொட்டி" என்று சொல்வதில்லை. "மெத்தை". முன்னால் உதட்டெழுத்து ம் இருக்கிறது, ஆனால் பின்னால் வருவது பல்லில் பிறக்கும் த். "மொத்த" ஆவதில்லை. "பித்தளை"யும் அப்படித்தான், "புத்தள" ஆவதில்லை. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் அவுட்புட் மாறுகிறது. பக்கா ஏண்ட் கேட்!

இரண்டும் இருந்தால் எல்லாச் சொல்லும் கண்டிப்பாக மாறும் என்று சொல்லவில்லை. "வெட்டு" வெட்டாகவே இருக்கிறது, "மேடு" மேடாகவே இருக்கிறது. நாக்கு ஒரு வாசலைத் திறந்துவைக்கிறது. எந்தச் சொல் அதற்குள் போகும், எது போகாது என்பதை ஊரும் பழக்கமும் முடிவு செய்கின்றன.

அந்த ஊர்ப் பழக்கத்தில்தான் ஒரு அநியாயம் இருக்கிறது. "பொண்ணு" என்று எல்லாரும் சொல்கிறோம். சினிமா ஹீரோயின் சொல்கிறாள், பேராசிரியர் சொல்கிறார், அன்றைக்குச் சிரித்த அந்த நண்பனும் சொல்வான். யாரும் அதைக் கொச்சை என்று சொல்வதில்லை. அதே உதடு, அதே நாக்கு, அதே விதியில் ஆயா "பொட்டி", "வூடு" என்று சொன்னால் மட்டும் சிரிப்பு வருகிறது. பெண் பொண்ணானதும் வீடு வூடானதும் ஒரே கணக்கில்தான். அப்போது நாம் சிரித்தது ஒலியைப் பார்த்து இல்லை. அந்த ஒலியை யார் சொல்கிறார்கள் என்று பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

பொழப்பு

போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, ப்ராஜெக்ட்டுக்கு வாய்ஸ் சாம்பிள் வேண்டும் என்று ஆயாவிடம் கேட்டேன். "என் பேச்சு எதுக்கு கண்ணு, படிச்சவங்கள கேளு" என்றார்கள். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் கெஞ்சின பிறகுதான் ஃபோனை முன்னாடி வைக்கவிட்டார்கள்.

ஆயா கல்யாணத்துக்கு முன்னாடி மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். பாத்தியில் உப்பு வாரியது, விடிகாலையிலேயே இறங்கினால்தான் வெயிலுக்குத் தப்பலாம் என்பது, உப்புத்தண்ணியில் நின்று கால் வெடித்தது, எல்லாம் சொன்னார்கள். நடுவில் ஒரு வாக்கியம்: "மழ புடிச்சிக்கிச்சின்னா அவ்ளோதான், பொழப்பு போச்சு."

லேப்பில் அந்தப் பதிவை ப்ராட்டில் போட்டேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பௌல் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் எழுதிய இலவச மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். திரையில் ஃபார்மன்ட் கோடுகள் வந்தன. "பிழைப்பு" என்பது "பொழப்பு" ஆனதில் நாம் மேலே பார்த்த இரண்டு விதியும் ஒரே சொல்லில் வேலை செய்திருக்கின்றன. முன்னால் ப், பின்னால் ழ்: அதனால் இ பின்வாங்கிக் குவிய வேண்டும். அடுத்த அசையில் ஐ, நடுவில் ஒற்றை மெய்: அதனால் ஒரு படி இறங்கவும் வேண்டும். குவிந்து, இறங்கி, ஒ. ஸ்டெப் பை ஸ்டெப் விடை சரி.

ஒரு நொடியில் பாதிகூட ஆகாத நேரத்தில் ஆயாவின் நாக்கு போட்ட கணக்கு அது. எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு செமஸ்டர் ஆனது. நாங்கள் முதலில் முயற்சி செய்து பார்த்த ரெடிமேட் மாடலோ அந்தச் சொல்லைத் தப்பாகத்தான் எழுதியது. எழுத்துத் தமிழை வாசிக்கும் குரல்களையே கேட்டு வளர்ந்த மாடலுக்கு ஆயா மாதிரி பேசுகிறவர்களின் குரல் பழக்கமில்லை. நாளைக்கு ஃபோனிடம் பேசித்தான் பென்ஷன் விவரம் கேட்க வேண்டும், பஸ் நேரம் கேட்க வேண்டும் என்று வந்தால், "பெட்டி" என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது பதில் சொல்லக்கூடாது. அதனால் எங்கள் டேட்டாவில் பொட்டியும் வூடும் வோணும்மும் அப்படியே இருக்கும் என்று டீமில் முடிவு செய்தோம். அவற்றைப் பிழை என்று குறிக்கவும் மாட்டோம்.

நீங்களும் இந்த வாரம் வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது ஐந்து நிமிஷம் பாட்டியையோ தாத்தாவையோ பேசவிட்டுக் கேளுங்கள். எந்த உயிர் எங்கே நகர்கிறது, அதற்கு முன்னால் எந்த மெய், பின்னால் எந்த மெய் என்று ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் நாக்கில் ஒரு இலக்கணமே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். திருத்த மட்டும் செய்யாதீர்கள். நான் ஒருமுறை திருத்தியதற்கு எட்டு வருஷம் ஆயா என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி பேசவில்லை.

கிளம்பும் அன்றைக்கு ஆயா வாசலில் நின்று, "பொட்டி எல்லாம் எட்துகினியா கண்ணு?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "எட்துகினேன் ஆயா, பொட்டி இதோ இருக்கு" என்றேன்.